ஏலக்காய் வணிகத்துக்கு ஒரு கிளவுட் மாற்றச் சேவை: ஓராண்டுக்குப் பின்

போடிநாயக்கனூரில் தலைமை அலுவலகமும் மலைக்கு மேலே கேரளத்தின் வண்டன்மேட்டில் கொள்முதல் நிலையமும் வைத்து ஏலக்காய் வணிகம் செய்யும் எங்கள் நிறுவனம், தன் கணக்கு முழுவதையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே இயங்கும் வெளியூர்ச் சர்வர்களுக்கு, மாற்றும் வேலையைக் கேரளத்தைச் சேர்ந்த ஒரு சேவை நிறுவனத்திடம் கடந்த ஆண்டு ஒப்படைத்தது. கணக்குப் பிரிவின் பொறுப்பில் இருப்பதால் அந்த வேலையை முதல் நாளிலிருந்து உடனிருந்து பார்த்தேன். எல்லையின் இருபுறமும் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த மதிப்புரை பயன்படும் என்று நம்புகிறேன்.

தரவை நகர்த்தியதில் குறை இல்லை. ஒரு சனிக்கிழமை இரவு தொடங்கி, திங்கள் காலை கடை திறப்பதற்குள் பத்தாண்டுப் பேரேடுகள் மும்பையில் உள்ள தரவு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இருப்புத் தொகைகள் ஒரு பைசா பிசகாமல் ஒத்துப்போயின.

சிக்கல் தொடங்கியது எங்கள் பழைய பில் மென்பொருளை அதனுடன் இணைத்தபோதுதான். அந்த மென்பொருள், சர்வர் பக்கத்து அறையில் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. ஒரு பில் போடுவதற்குள் தரம், இருப்பு, விலை, வாங்குபவரின் பாக்கி என்று சுமார் 300 முறை தனித்தனியாகச் சர்வரைக் கேட்கும். அலுவலகக் கம்பிக்குள் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மில்லிநொடிகூட ஆகாது, ஆனால் மும்பைக்குப் போய்த் திரும்ப 40 மில்லிநொடி ஆனதால் ஒரு பில்லுக்கு 12 நொடி பிடித்தது. ஏலம் முடிந்து லாட் லாட்டாகச் சரக்கு வந்து இறங்கும் மாலையில் அந்த 12 நொடி எவ்வளவு நீளமானது என்பதைக் கிடங்கில் நின்றவர்கள் அறிவார்கள். அதிக வேகமுள்ள இணைய இணைப்பை வாங்கச் சொன்னார்கள்; வாங்கினோம், மாற்றமில்லை. குழாயின் அகலம் கூடினாலும் தூரம் குறைவதில்லை என்பதை அவர்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு வந்த அவர்களுடைய பொறியாளர் ஒருவர் மூன்று நாள் போடியிலேயே தங்கி, கேள்விகளைத் தொகுத்து ஒன்றாக்கி, விலைப் பட்டியலின் நகலை உள்ளூர் சர்வரில் வைத்துப் பில்லை இரண்டு நொடிக்குக் கொண்டுவந்தார். அவருடைய பொறுமைக்கும் திறமைக்கும் முழு மதிப்பெண் தருவேன்.

தமிழ்ப் பெயர்கள் இன்னொரு தலைவலி. தமிழ் எழுத்துகளைக் கணினியில் பதிவதற்குத் தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியீடுகளை ஏற்று, 2010இல் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது. எங்கள் தோட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியல் இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருவில் பதிவானது. அதில் கொம்பு, மெய்யெழுத்துக்கு முன்னே நிற்கும். யூனிகோடிலோ அது பின்னே பதிவாகும். இதை அறியாமல் மாற்றியதால் பெருமாளும் செல்வமும் சிதைந்து அச்சாயினர். தன் பெயரே பிழையாக உள்ள பணச் சீட்டைப் பெற ஒருவர் மறுத்தால் அதில் முழு நியாயம் இருக்கிறது. பெயர்களை ஒவ்வொன்றாகத் திருத்தியவர்கள் எங்கள் எழுத்தர்களே. அதற்கான செலவு ஒப்பந்தத்தில் இல்லை.

இரு மாநில வணிகத்தின் இயல்பையும் அவர்கள் முன்கூட்டியே கேட்டறியவில்லை. ஜிஎஸ்டியில் கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33 என்ற மாநிலக் குறியீட்டு எண்களுடன் தனித்தனிப் பதிவு. எங்கள் கிளையிலிருந்து எங்கள் கிடங்குக்கு வரும் மூட்டையும் மாநிலங்களுக்கிடையேயான விற்பனையாகவே கருதப்பட்டு ஐஜிஎஸ்டி என்ற மாநிலங்களுக்கிடையேயான வரிக்கு உட்படும். இன்வாய்ஸ் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இருக்க, புதிய அமைப்பு 19 எழுத்தில் எண் கொடுத்தது. சொன்ன அன்றே திருத்திவிட்டார்கள்.

மழைக்காலத்தில் போடிமெட்டுச் சாலையோரம் மண் சரிந்து கேபிள் அறுந்தால் வண்டன்மேடு துண்டிக்கப்பட்டுவிடும். இணைப்பு இல்லாதபோதும் எடையைப் பதிந்துகொண்டு, வந்தபின் அனுப்பும் வசதியை நாங்கள் கேட்ட பிறகே சேர்த்தார்கள். சோதனைக்காகத் தொடங்கிய இரண்டு சர்வர்கள் யாரும் அணைக்காமல் நான்கு மாதம் ஓடி, மாதக் கட்டணத்தை ஏற்றியதும் மனத்தை உறுத்துகிறது.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். இவர்களை அழைப்பவர்கள், பழைய மென்பொருளை ஒரு வாரம் உட்கார்ந்து ஆராய்ந்த பிறகே விலை சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த மாதம் எங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது; அதே பொறியாளர் தொடர்வதையும், எங்கள் அனுமதியின்றி எந்தச் சர்வரையும் தொடங்கக் கூடாது என்பதையும் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.