கேபிள் இன்டர்நெட்டும் லினக்ஸும்: டிரைவர் தொல்லை இல்லை, அப்லோடில்தான் தலைவலி

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கேபிள் இன்டர்நெட்டை (டிவி கேபிள் வழியாக மோடத்துக்கு வரும் இணைப்பு) தாராளமாக எடுக்கலாம். மோடத்திலிருந்து ஈதர்நெட் வயரைச் செருகினால் டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) வழியாக ஐபி முகவரி வந்துவிடும். டிரைவர் ஏதும் போட வேண்டியதில்லை. "விண்டோஸ் இருந்தால்தான் ஆக்டிவேட் ஆகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மோடத்தின் மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உரிய அடையாள எண்) வைத்து நிறுவனத்தின் பக்கம் நடக்கிற வேலை.

ரூட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை நேரடியாக மாட்டினால் மட்டும் ஐபி வராமல் அடம்பிடிக்கும். முதலில் பார்த்த மேக் முகவரியையே பல மோடங்கள் பிடித்துவைத்துக்கொள்வதுதான் காரணம். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரை நோண்டிப் பயனில்லை. மோடத்தின் பவரை ஒரு நிமிடம் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

டவுன்லோடு 94 மெகாபிட்டைத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? ஈதர்நெட் வேகத்தைக் காட்டும் எத்டூல் (ethtool) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். லிங்க் வேகம் 100 என்று காட்டினால் குற்றவாளி பெரும்பாலும் உங்கள் ஈதர்நெட் வயர்தான். உள்ளே ஏதோ ஒரு ஜோடி கம்பி அறுந்திருக்கும்.

இணைப்பு அடிக்கடி விழுந்தால் பிரவுசரில் 192.168.100.1 என்ற மோடத்தின் நிலவரப் பக்கத்தைத் திறங்கள். டவுன்ஸ்ட்ரீம் பவர் (மோடத்துக்கு வரும் சிக்னலின் பலம்) மைனஸ் 7 முதல் பிளஸ் 7 டிபிஎம்விக்குள்ளும் (dBmV), எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் அளவு) 33 டெசிபலுக்கு மேலும் இருப்பது நல்லது. அப்ஸ்ட்ரீம் பவர் (மோடம் அனுப்பும் சிக்னலின் பலம்) 50 டிபிஎம்வியை ஒட்டிப் போகிறதென்றால் மோடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேபிளைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் தேவையில்லாமல் இருந்தால் எடுத்துவிடுங்கள் (இரண்டு வழி ஸ்ப்ளிட்டரே சுமார் 3.5 டெசிபலை விழுங்கும்), தளர்ந்த கனெக்டரை முறுக்குங்கள்.

உண்மையான குறை அப்லோடில். பெரிய ஃபைல் ஒன்று ஏறத் தொடங்கினால், 15 மில்லிசெகண்டில் இருந்த பிங் (பதில் திரும்பி வரும் நேரம்) சில நூறைத் தொட்டுவிடும். வீடியோ கால் நொண்டும். மோடத்தின் பஃபரில் பாக்கெட்டுகள் வரிசைகட்டி நிற்பதால் வரும் வினை இது. இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கிறது: கெர்னல் 4.19 முதல் கேக் (CAKE) என்ற, பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும் கியூ உள்ளேயே இருக்கிறது. நெட்வொர்க் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிசி (tc) கட்டளையில் அதைப் போட்டு, பேண்ட்விட்த்தை அளந்த அப்லோடில் 90 சதவீதமாக வையுங்கள். கூடவே டாக்சிஸ் (docsis, கேபிள் இன்டர்நெட்டின் தரநிலை) என்ற சொல்லையும் சேர்த்தால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கேபிளுக்குரிய 18 பைட் ஓவர்ஹெட்டையும் (கூடுதல் சுமை) கணக்கில் எடுத்துக்கொள்ளும். வீட்டில் பலர் பயன்படுத்தினால் இதை ரூட்டரில்தான் செய்ய வேண்டும், ஒரு லேப்டாப்பில் செய்து புண்ணியமில்லை.

டாக்சிஸ் 3.1 மோடமாக இருந்தால் அப்லோடு வரிசையை அதுவே ஓரளவு கட்டுக்குள் வைக்கும். பழைய மோடம் வாங்குகிறவர்கள் சிப் எது என்று பார்த்து வாங்குங்கள்: இன்டெல் பூமா 6 என்றால் லைன் சும்மா கிடக்கும்போதே பிங் துள்ளும் பேர்போன கோளாறு உண்டு. அதற்கு கேக்கும் மருந்தில்லை.