பற்றறி வயரைக் கழட்ட முன்னம்: ஒரு யாழ்ப்பாணக் கராஜ் அனுபவம்

வெளிநாட்டில் இருந்து ஊருக்குப் போகிறவர்களில் பலர் இப்போது வாடகை வானை விட்டுவிட்டு உறவுக்காரரின் காரையே எடுத்து ஓடுகிறார்கள். அப்படி ஓடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 இன் எரிபொருள் தட்டுப்பாடும் வந்து, எத்தனையோ கார்கள் முற்றத்திலேயே நின்று பற்றறி இறந்துபோயின. ஆகவே இன்று யாழ்ப்பாண வீதிகளில் ஓடும் கார்களில் பல, பத்துப் பன்னிரண்டு வருசம் பழகிய யப்பான் கார்கள். அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது கராஜ்காரர்களின் கைதான். அந்தக் கைகளில் இரண்டு விதத்தை இந்த முறை ஒரே காரில் பார்த்தேன்.

கோண்டாவிலில் மாமா வைத்திருப்பது 2012 ஆம் ஆண்டு ரொயோட்டா ஆக்ஸியோ, 1500 சிசி பெற்றோல். நல்லூர்த் திருவிழாக் காலம், வீடு நிறைய ஆட்கள், கார் ஓயாமல் ஓடியது. ஒருநாள் டாஷ்போர்ட்டில் மஞ்சள் எஞ்சின் லைற் வந்து நின்றது. சிக்னலில் நிற்கும்போது வண்டி லேசாக நடுங்கியது.

வீட்டுக்குக் கிட்ட இருந்த கராஜுக்குக் கொண்டுபோனோம். இருபது வயது மதிக்கத்தக்க இரண்டு பெடியள். சுறுசுறுப்பான பிள்ளைகள், மரியாதையாகவும் கதைத்தார்கள். "பயப்பிடாதேங்கோ அண்ணை, பற்றறியைக் கழட்டி ரீசெற் பண்ணினால் எல்லாம் போயிடும்" என்றார் ஒருவர். காரின் கொம்பியூட்டரில் பதிந்த பிழையை வாசிக்கும் ஸ்கானர் போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "உதுக்கேன் அண்ணை ஸ்கானர்? அது வேற காசு" என்றார். மாமாவும், "சரி, செய்யட்டும் விடு" என்றுவிட்டார்.

பொனற்றைத் திறந்ததும் 10ஆம் நம்பர் ஸ்பனரை எடுத்து நேரே பொசிற்றிவ் பக்கத்தில் வைத்தார். நட்டு இறுகியிருந்தது. பலம் கொடுத்துத் திருப்பும்போது ஸ்பனரின் மறுமுனை பக்கத்து இரும்பில் பட்டு, 'சடக்' என்று நெருப்புப் பொறி பறந்தது. அவர் கையை உதறிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரின் உடம்பு முழுவதும் நெகற்றிவ் வயரோடு பிணைந்திருக்கிறது. நெகற்றிவை முதலில் கழட்டிவிட்டால் அதன்பின் ஸ்பனர் காரின் இரும்பில் எங்கே பட்டாலும் ஒன்றும் நடக்காது. பொசிற்றிவில் தொடங்கினால் ஸ்பனரே ஷோர்ட் அடிக்கும் கம்பியாகிவிடும். சார்ஜ் ஏறிய ஈயப் பற்றறிக்கு மேலே, பொறி பட்டால் வெடிக்கக்கூடிய ஐதரசன் வாயு நிற்கக்கூடிய இடம் அது. கழட்டும்போது நெகற்றிவ் முதலில், பூட்டும்போது நெகற்றிவ் கடைசியில். இந்த ஒழுங்கைப் பழக ஒரு நிமிடம் போதும். அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

அரை மணித்தியாலம் வயரைக் கழட்டி வைத்துவிட்டுப் பூட்டினார்கள். லைற் போய்விட்டது. 3,000 ரூபாய் வாங்கினார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள்ளேயே கழட்டியதன் விளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. மணிக்கூடு பூச்சியத்துக்குப் போயிருந்தது, அது பெரிய விசயமில்லை. சாரதிப் பக்கக் கண்ணாடி ஒரு தட்டில் மேலே ஏறவில்லை. ஏசியைப் போட்டால் எஞ்சின் சுழற்சி விழுந்து, அணையப் பார்த்து, பிறகு எழும்பியது. மாமாவை உண்மையிலேயே நோகப்பண்ணியது ரேடியோ செற். திரையில் யப்பானிய எழுத்துகளும் நீளமான ஓர் எண்ணும் வந்து, அதற்குமேல் எந்தப் பொத்தானுக்கும் அது அசையவில்லை. பின்னேரம் காரை வேப்பமர நிழலில் விட்டு அதற்குள் இருந்து செய்தி கேட்பது அவருடைய வழக்கம்.

யப்பானில் இருந்து வந்த ரொயோட்டா கார்களில் இது எல்லோரும் அறிந்த தொல்லை. களவைத் தடுப்பதற்காக, மின் தொடர்பு அறுந்தால் சில செற்கள் பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கு ஒரு குறியீடு வேண்டும். வேறு சில செற்கள் வரைபடம் உள்ள எஸ்டி கார்ட்டைக் கேட்கும். அந்தக் கார்ட்டோ யப்பானிலேயே முதல் சொந்தக்காரரோடு நின்றிருக்கும். ஏலத்தில் எடுத்து, கப்பலேற்றி, இங்கே வந்த காருக்கு அந்தக் குறியீட்டை யார் தருவார்? இப்படிப்பட்ட செற் உள்ள காரில் பற்றறியைக் கழட்ட முன்னம், இன்னொரு சின்ன 12 வோல்ற் பற்றறியால் வயர்களுக்கு மின் கொடுத்துக்கொண்டே மாற்றுகிற கராஜ்களும் இருக்கின்றன. பற்றறியை மாற்றும்போது அப்படிச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் நாள் கிளிநொச்சிக்குப் போனோம். ஆனையிறவு தாண்டியதும் லைற் திரும்ப வந்தது.

மறுநாள் மானிப்பாய்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டில் கராஜுக்குப் போனோம். பெயர்ப் பலகையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடத்துகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். இளமையில், வாகனப் பாகங்களுக்குப் பேர்போன கொழும்பு பஞ்சிகாவத்தையில் வேலை பழகியவர். மாமா பொனற்றைத் திறக்கப் போக, "இருங்கோ ஐயா, உதைத் திறக்க இப்ப அவசரமில்லை" என்று சொல்லி, ஸ்ரேறிங்குக்குக் கீழே குனிந்து ஸ்கானரின் வயரைச் செருகினார். திரையில் வந்தது பி0302. இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது.

அதோடு அவர் நிற்கவில்லை. பிழை பிடிபட்ட கணத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்று கொம்பியூட்டர் ஒரு பதிவு வைத்திருக்கும். சூடு, சுழற்சி, வேகம், எஞ்சினில் இருந்த பாரம் எல்லாம் அதில் இருக்கும். அதை எனக்கும் காட்டினார். நன்றாகச் சூடேறிய எஞ்சின், ஐம்பது கிலோமீற்றர் அளவு வேகம், பாரம் கூட. "குளிரில இல்லை, சூட்டிலதான் விடுகுது. கொயிலாத்தான் இருக்கும்" என்றார். பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் கொடுக்கிற பாகம்தான் கொயில். முதல் கராஜில் வயரைக் கழட்டியதும் அழிந்துபோனது இதே போன்ற பதிவுதான். நான் நடந்ததைச் சொன்னேன்.

"லைற்றை அணைக்கிறது ஒரு வேலையே இல்லைத் தம்பி. உள்ள எழுதியிருந்ததை வாசிக்காமல் அழிச்சுப் போட்டாங்கள். நல்ல காலம், திரும்ப வந்திட்டுது" என்றார்.

அதன்பிறகு அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் கொயில். இரண்டாவது சிலிண்டரின் கொயிலைக் கழட்டி மூன்றாவதிலும், மூன்றாவதின் கொயிலை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டார். ஸ்கானராலேயே பிழையை அழித்தார். பற்றறியைத் தொடவே இல்லை. பிறகு தானே காரை எடுத்து எங்களையும் ஏற்றிக்கொண்டு சங்கானை வரைக்கும் ஓடிவந்தார். திரும்பும் வழியில் நடுக்கம் வந்தது. ஸ்கானரைப் போட்டால் பி0303. பிழை கொயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. பிளக்கும் இல்லை, பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்ரரும் இல்லை, அந்த ஒரு கொயில்தான். ஒரு பாகத்தையும் ஊகத்தில் வாங்காமல், ஒரு சதமும் வீண் செலவில்லாமல் நோய் பிடிபட்டது. யப்பானில் கழட்டிய பாவித்த கொயில் ஒன்று கடையில் கிடைத்தது. கொயிலும் கூலியும் சேர்த்து 9,500 ரூபாய். ரொறொன்ரோவில் ஸ்கானர் செருகுவதற்கு மட்டும் இதைவிடக் கூட வாங்குவார்கள்.

ஏசி போட்டால் சுழற்சி விழுந்ததன் காரணத்தையும் கேட்டேன். காற்று போகும் திறொட்டில் வாயில் வருசக்கணக்கில் காபன் படிகிறது. படியப் படிய எஞ்சின் கொம்பியூட்டர் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத் திறந்து சமாளிக்கப் பழகிக்கொள்கிறது. பற்றறியைக் கழட்டினால் அந்தப் பழக்கம் மறந்துபோகும், காபன் மட்டும் அங்கேயே இருக்கும். அவர் திறொட்டிலைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, ஏசி இல்லாமல் கொஞ்ச நேரம், ஏசியோடு கொஞ்ச நேரம் எஞ்சினை நின்ற நிலையில் ஓடவிட்டார். நடுக்கம் அடங்கியது. கண்ணாடிக்கு வைத்தியம் இன்னும் சுலபம்: முழுக்க மூடியபிறகும் பொத்தானைச் சில வினாடி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

பற்றறி கழட்டுவதே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ரேடியோ திரை உறைந்துபோனால், கதவுப் பூட்டு ஏதோ குழம்பி நின்றால், அது நல்ல மருந்துதான். பழைய கார்களில் திருத்த வேலை முடிந்தபிறகு பழைய கணக்கை அழிக்கவும் உதவும். ஆனால் பல புதுக் கார்களில் பிழைக் குறியீடுகள் மின் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் இருக்கும். அமெரிக்காவில் 2010 மாதிரி ஆண்டிலிருந்து படிப்படியாக, பிழை தீர்ந்ததென்று காரே உறுதிசெய்யும் வரை அழியாத நிரந்தரக் குறியீடுகள் வந்துவிட்டன. அங்கே வயரைக் கழட்டிப் பயனில்லை. கலிபோர்னியா புகைப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் முதல்நாள் கழட்டினால் நிலைமை இன்னும் மோசம். காரின் சுயபரிசோதனைகள் முடியவில்லை என்று காட்டி, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஹைபிரிட் கார்களும் நிறைய ஓடுவதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பழைய பிரியஸ் கார்களில் 12 வோல்ற் பற்றறி பின் டிக்கிக்குள் இருக்கிறது, டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் திறப்பது. வயரைக் கழட்டிவிட்டு டிக்கிக் கதவைச் சாத்தினால் வெளியே இருந்து வழமைபோலத் திறக்க முடியாது. செம்மஞ்சள் நிற வயர் எதையும் பயிற்சி இல்லாதவர்கள் தொடவே கூடாது, அது உயர் மின்னழுத்தம்.

கராஜில் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "அழிக்க முன்னம் வாசியுங்கோ, எனக்கும் ஒரு படம் எடுத்துத் தாங்கோ." ஸ்கானர் இல்லை என்றால் இன்னொரு கராஜுக்குப் போகலாம், கோபிக்க மாட்டார்கள். முதல் கராஜ் பெடியளிடம் நான் திரும்பப் போய் பி0302 கதையைச் சொன்னேன். சண்டைக்குப் போகவில்லை. கொயில் மாற்றிப் போட்ட விதத்தை ஒருவர் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். கை வேகம் உள்ள பிள்ளைகள், ஒரு நல்ல ஆளிடம் ஆறு மாதம் நின்றால் எங்கேயோ போய்விடுவார்கள்.

ரேடியோ செற்றுக்குத் திரையில் நின்ற எண்ணைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் கொழும்புக்கு அனுப்பினோம். இந்தக் குறியீடு எடுத்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காசு போட்ட பின்னேரமே குறியீடு வந்தது. மாமா செய்தியைக் கேட்டுக்கொண்டே, வருசாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன்னம் நாலு பிளக்கையும் மாற்றுவோமா என்று மானிப்பாய்க்காரருக்குப் போன் எடுத்தார்.