அம்மாவுக்கு எது: ஆண்ட்ராய்டா, ஐபோனா?

தாராவியில் இருக்கும் அம்மாவுக்குப் புது போன் வாங்க, இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தேன். ஐபோனின் பலம் ஆயுள்தான். 2015-ல் வந்த 6எஸ், 2021-ன் ஐஓஎஸ் 15 (ஐஓஎஸ் என்பது ஐபோனின் இயங்குதளம்) வரை தாக்குப்பிடித்தது. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் 2013-லேயே, ஐஓஎஸ் 7-உடன் உள்ளே வந்துவிட்டன. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் விலை!

ஆண்ட்ராய்டு எல்லா விலையிலும் கிடைக்கும். முகப்புத் திரையை அம்மாவுக்குத் தகுந்தபடி மாற்றலாம்: பெரிய எழுத்து, நாலே ஆப். மெமரி கார்டு போடும் மாடல்களும் உண்டு. ஊர்க் கல்யாண வீடியோ ஒன்றையும் அம்மா அழிக்க விடமாட்டார். மலிவு மாடல்களில் அப்டேட் சீக்கிரம் நிற்பதும், வேண்டாத ஆப்கள் கூடவே வருவதும்தான் குறை. யூபிஐ இரண்டிலும் ஓடும்.

ஆண்ட்ராய்டே எடுத்தேன். முதல் வேலையாக அந்த வேண்டாத ஆப்களை நீக்கிவிட்டுத்தான் கொடுத்தேன்.