எக்ஸ்எம்எல் ஏற்றும்போது பிழை: மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா, எஸ்க்யூஎல் சர்வரா?

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய தரவுத்தள மென்பொருள்களில், எக்ஸ்எம்எல் கோப்பை (தரவை டேக் எனும் குறிகளுக்குள் வைத்து எழுதும் உரைக் கோப்பு) டேபிளில் ஏற்றும் வழிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் அளக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: கோப்பில் கோளாறு இருந்தால் எனக்குத் தெரியவருமா?

எழுதுவதற்கு எளிது மைஎஸ்க்யூஎல்லின் ‘லோட் எக்ஸ்எம்எல்’ கட்டளை. தொடக்கத்தில் வரும் பிழைகளும் எளிதில் தீரும். பிழை எண் 1290 வந்தால், சர்வர் அனுமதித்த கோப்புறைக்கு வெளியே கோப்பு இருக்கக்கூடும். 3948 வந்தால், ‘லோக்கல் இன்ஃபைல்’ வசதி (கிளையண்ட் கணினியில் உள்ள கோப்பை ஏற்றுவது) சர்வரிலோ கிளையண்டிலோ அணைந்திருக்கிறது, 8.0 பதிப்பு முதல் சர்வரில் அது அணைந்த நிலையில்தான் வருகிறது.

என் கவலையெல்லாம் பிழையே வராத இடத்தைப் பற்றியது. எந்த டேக் ஒரு பதிவு என்று சொல்லாவிட்டால், கட்டளை ‘ரோ’ என்ற டேக்கைத் தேடும். உங்கள் கோப்பில் இருப்பது ‘புக்’ என்றால், பதிவுகள் 0, எச்சரிக்கைகள் 0 என்று வேலை முடிந்துவிடும். இதுகூடப் பரவாயில்லை, உடனே கண்ணில் படும். கோப்பில் ‘பிரைஸ்’, டேபிளில் ‘ரேட்’ என்று இருந்தால்தான் ஆபத்து: பதிவுகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும், விலை மட்டும் ஏறியிருக்காது. கட்டளையில் ‘லோக்கல்’ சேர்த்தால் தவறான தேதிகூட ஏற்றத்தை நிறுத்தாது, வெறும் எச்சரிக்கையாகிவிடும். அடுத்த கட்டளையாகவே ‘ஷோ வார்னிங்ஸ்’ கொடுத்துப் பாருங்கள்.

போஸ்ட்கிரெஸ் 2017இல், 10ஆம் பதிப்பில், எக்ஸ்எம்எல்லை வரிசைகளாகப் பிரித்துத் தரும் ‘எக்ஸ்எம்எல் டேபிள்’ வசதியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பாதையும் (கோப்பில் அந்த மதிப்பு எந்த டேக்கில் இருக்கிறது என்பது) தரவு வகையும் எழுத வேண்டும், சலிப்பான வேலைதான். ஆனால் பொருளின் பெயரில் ‘பேனா & பென்சில்’ என்று வெறும் & குறி வந்தாலே, எந்த வரியில் என்பதைச் சொல்லி நின்றுவிடுகிறது. ஒரே பாதையில் இரண்டு மதிப்புகள் இருந்தாலும் பிழைதான். ‘நாட் நல்’ சேர்த்த இடம் காலியாக இருந்தால் அதையும் ஏற்காது.

போஸ்ட்கிரெஸும் வாய் திறக்காத இடம் ஒன்று உண்டு: பெயர்வெளி, அதாவது டேக்குகள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் முகவரி. சைட்மேப் (இணையதளப் பக்கங்களின் பட்டியல்) கோப்பின் மூல டேக்கில் ‘எக்ஸ்எம்எல்என்எஸ்’ இருக்கும். அந்த முகவரிக்கு ஒரு முன்னொட்டு வைத்து, பாதை முழுவதும் அதைப் பயன்படுத்தாவிட்டால் ஒரு வரிசைகூட வராது, பிழைச்செய்தியும் வராது.

எஸ்க்யூஎல் சர்வரில் பலரையும் அலைக்கழிப்பது பிழை எண் 9402. கோப்பின் முதல் வரி, எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்கிறது, அதை வேறு குறியாக்கத்தில் உள்ள என்வார்சார் வகைச் சரமாகக் கொடுக்கிறோம், இரண்டும் முரண்படுகின்றன. கோப்பைப் படிக்கும் ‘ஓபன்ரோசெட்’டில் ‘சிங்கிள் பிளாப்’ ஆக, அதாவது வெறும் பைட்டுகளாகப் படித்தால் இந்தச் சிக்கல் வராது. பழைய ‘ஓபன்எக்ஸ்எம்எல்’ வழியில், திறந்த ஆவணத்தை விடுவிக்காவிட்டால் நினைவகம் வீணாகப் பிடிபட்டிருக்கும். எக்ஸ்எம்எல்லை வரிசைகளாகப் பிரிக்கும் ‘நோட்ஸ்’ (nodes) முறையே மேல்.

ஒருமுறை மட்டும் ஏற்றும், நீங்களே உருவாக்கிய கோப்புக்கு மைஎஸ்க்யூஎல் போதும். மாதாமாதம் வெளியாரிடமிருந்து வரும் விலைப்பட்டியல் என்றால் என் தேர்வு போஸ்ட்கிரெஸ். மைஎஸ்க்யூஎல்தான் என்றாகிவிட்டால், எல்லா நெடுவரிசைகளும் வெறும் எழுத்தாக உள்ள இடைக்கால டேபிளில் முதலில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் எத்தனை காலி என்று எண்ணிப் பார்த்த பிறகே உண்மையான டேபிளுக்கு நகர்த்துங்கள்.