கரைசல் செறிவு கணக்குப் போடும் கட்டண ஆப்: சந்தா கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

லேபில் கரைசல் தயாரிப்பவர்கள் கவனத்துக்கு. பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தைக் கொடுத்தால் எத்தனை மில்லி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடும் என விளம்பரம் செய்த ஒரு ஆப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டி ஏமாந்து நிற்கிறேன். இதே கோளாறு வேறு ஆப்களிலும் இருக்கலாம், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல், அதாவது மூலக்கூறு எடை அளவு கிராம்) கரைசல் 1 லிட்டர் வேண்டும். ஆப் 98.5 மில்லி எடுக்கச் சொன்னது. வழக்கமாக நாங்கள் எடுப்பது 83, 84 மில்லிதான், பார்த்ததுமே இடித்தது. சரி, சோதித்துவிடலாம் என்று அது சொன்னபடியே கலக்கி, அளவுக்கோடு போட்ட பியூரெட் குழாயில் நிரப்பி, நன்றாக உலர்த்தி ஆறவைத்த சோடியம் கார்பனேட் 1.06 கிராமைக் கரைத்து மீதைல் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி விட்டு டைட்ரேட் செய்தேன், அதாவது நிறம் மாறும்வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். சரியாக 1 மோலார் என்றால் 20 மில்லி இறங்க வேண்டியது, 17 மில்லியிலேயே மஞ்சள் நிறம் மாறிவிட்டது. கணக்குப் போட்டால் 1.18 மோலார்.

அந்த எண்ணைப் பார்த்ததும் குட்டு உடைந்துவிட்டது, ஏனென்றால் 1.18 என்பது அந்த அமிலத்தின் அடர்த்தி. 37 சதவீதம் என்றால் எடைக்கு எடை, 100 கிராமில் 37 கிராம். 1 லிட்டர் அமிலத்தின் எடை சுமார் 1180 கிராம், அதில் 37 சதவீதத்தை மூலக்கூறு எடையான 36.46-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 மோலார் வரும். இவர்களோ லிட்டரை 1000 கிராம் என்றே வைத்துக்கொண்டு 10.15 என்கிறார்கள். அடர்த்தியைக் கேட்க ஒரு கட்டம்கூட அதில் கிடையாது!

ஹைட்ரோகுளோரிக்கில் இது 18 சதவீதப் பிழையோடு போயிற்று. கந்தக அமிலத்தில் விளையாட்டல்ல. 98 சதவீத அமிலத்தின் அடர்த்தி 1.84, உண்மையான செறிவு 18.4 மோலார், ஆப் காட்டுவது 10. 1 மோலார் 1 லிட்டருக்கு 54 மில்லி போதுமான இடத்தில் 100 மில்லியைத் தண்ணீரில் ஊற்றச் சொல்கிறது, கிளம்பும் சூடும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. புதிதாக லேபுக்கு வந்த பையன் இதை நம்பினால் என்ன ஆகும்?

அப்புறம் காப்பர் சல்பேட். லேபில் இருக்கும் நீலப் படிகம் பென்டாஹைட்ரேட், அதாவது ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்தது, மூலக்கூறு எடை 249.68. ஆப் கேட்காமலே நீரற்றதன் 159.61-ஐ எடுத்துக்கொள்கிறது. 0.1 மோலார் 1 லிட்டருக்கு 24.97 கிராம் போட வேண்டிய இடத்தில் 15.96 போட்டால் கிடைப்பது 0.064 மோலார்தான்.

டைட்ரேஷன் அளவுகளோடு எழுதிக் கேட்டதற்கு, "உங்கள் அமிலம் பழையதாக இருக்கலாம்" என்று பதில். அமிலம் பழசாகி வீரியம் குறைந்திருந்தால் 20 மில்லிக்கு மேல் அல்லவா இறங்கியிருக்கும், எப்படி 17-இல் முடியும் என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை, "சந்தாவைத் திருப்பித் தர விதி இல்லை" என்று மட்டும் வந்தது.

எந்த ஆப்பாக இருந்தாலும் இலவசமாகப் பார்க்க விடும்போதே 98 சதவீதக் கந்தக அமிலத்தைப் போட்டுப் பாருங்கள். 18-ஐ ஒட்டி வந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம், 10 என்று வந்தால் உடனே அழித்துவிடுங்கள்.