மீனம்பாக்கமா, பரந்தூரா?

சென்னைக்கு இருக்கும் மீனம்பாக்கம் விமான நிலையமே போதுமா, காஞ்சிபுரம் அருகே பரந்தூரில் அமையும் என 2022-இல் அறிவிக்கப்பட்ட புதிய நிலையம் வேண்டுமா?

போய்ச் சேர:
மீனம்பாக்கம் – வாசலில் மெட்ரோ, சாலைக்கு எதிரே திரிசூலம் ரயில் நிலையம்.
பரந்தூர் – நகரிலிருந்து சுமார் 70 கி.மீ. விரைவு ரயில் இல்லாமல் அது சரிப்படாது.

ஓடுதளம்:
மீனம்பாக்கம் – இரண்டு உண்டு. ஆனால் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. இரண்டிலும் ஒரே நேரத்தில் விமானங்களைத் தடையின்றி இயக்க முடியாது. முனையத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த முடிச்சு அவிழாது.
பரந்தூர் – இணையாக இரண்டு அமைக்க இடமுண்டு.

செலவு:
பரந்தூருக்குப் பல்லாயிரம் கோடி. மீனம்பாக்கத்தை விரிவாக்க அதில் சிறு பங்கே ஆகும்.

தண்ணீர்:
மீனம்பாக்கம் – இரண்டாம் ஓடுதளம் அடையாற்றின் மேலேயே செல்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையமே மூடப்பட்டது.
பரந்தூர் – ஏரிகளும் நஞ்சையும் நிறைந்த பூமி. அங்குள்ள ஏகனாபுரம் கிராமத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் இதை எதிர்த்துப் போராடுவது வீம்புக்காக அல்ல. ஏரி போனால் ஊரே போய்விடும்.

மதுரைக்கோ கோவைக்கோ பறப்பவருக்கு மீனம்பாக்கமே வசதி. நீண்ட தூரப் பன்னாட்டுச் சேவையும் சரக்கும் வளர வேண்டுமானால் பரந்தூர்தான். ஆனால் ஏரிகளுக்கும் மறுவாழ்வுக்கும் வழி செய்த பிறகே அங்கே மண்ணைத் தொட வேண்டும்.