காய்ப்புழுவுக்கு வாங்கிய வைரஸ் மருந்து: வேலை திருப்தி, சீட்டில் உள்ள ஒரு வரிதான் உறுத்துகிறது

உடுமலைக்குக் கிழக்கே, பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் தக்காளி வைத்திருக்கிறோம். பச்சைக் காய்ப்புழுவுக்கு இந்தப் பட்டத்தில் இரசாயன மருந்தை ஒதுக்கிவிட்டு, மருந்துக் கடையில் என்.பி.வி. (புழுக்களுக்கு நோய் தரும் ஒருவகை வைரஸ்) என்று கேட்டால் எடுத்துத் தருகிற கரைசலை இரண்டு தவணை தெளித்தோம். தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் குறையாகச் சொல்லவிருக்கும் வரியை வேறு பாட்டில்களிலும் பார்த்திருக்கிறேன்.

முதலில் மருந்தின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஏக்கருக்கு 100 எல்.இ. (நோயுற்ற ஒரு புழுவிலிருந்து கிடைக்கும் வைரஸ் அளவு ஒரு எல்.இ.) கணக்கில், சிறிது வெல்லம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகே தெளித்தோம். புற ஊதாக் கதிர் பட்டால் இந்த வைரஸ் விரைவில் செயலிழந்துவிடும் என்பதால் காலை நேரத் தெளிப்பு வீண். புழு இலையோடு சேர்த்து வைரஸைத் தின்ன வேண்டும். அதன் குடலில் உள்ள காரத்தன்மையில் வைரஸைப் பொதிந்து வைத்திருக்கும் புரத உறை கரைந்து, முதலில் குடல் செல்களிலும் பிறகு உடல் முழுவதிலும் தொற்று பரவுகிறது. தெளித்த ஆறாம் நாள் காலையில் செடியின் நுனிகளில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. தொட்டால் தோல் கிழிந்து நீராக வடிந்தது. சிறு புழுக்களில் பெரும்பாலானவை ஒழிந்தன. ஆனால் காயைக் குடைந்து உள்ளே போய்விட்ட பெரிய புழுக்களை இந்த மருந்து ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. எனவே முட்டையும் குஞ்சுப் புழுவும் கண்ணில் படும்போதே தெளிப்பவருக்குத்தான் இது உதவும்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். “இம்மருந்துக்குப் பூச்சிகளில் எதிர்ப்புத் திறன் உருவாகாது” என்று பாட்டிலோடு வந்த சீட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். கடைக்காரரும் அதையே சொல்லித்தான் விற்றார். இது உண்மையல்ல என்பதற்கு ஐரோப்பிய ஆப்பிள் தோட்டங்களே சான்று.

ஆப்பிள் காயைக் குடையும் அந்துப்பூச்சிக்கு அங்கே நெடுங்காலமாக ஒரு கிரானுலோ வைரஸைத் தெளித்து வந்தார்கள், நம் என்.பி.வி.க்கு அது நெருங்கிய உறவு. 2005 வாக்கில் ஜெர்மனியின் சில தோட்டங்களில் அது பலிக்கவில்லை என்று தெரியவந்தது. அங்கிருந்து எடுத்த புழுக்களைச் சோதித்தபோது, சாதாரணப் புழுவைக் கொல்லும் அளவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் வைரஸ் கொடுத்தால்தான் அவை செத்தன. வைரஸ் போய் அந்த எதிர்ப்பை உண்டாக்கிவிடவில்லை. கூட்டத்தில் எங்கோ ஒன்றிரண்டில் தற்செயலாக முன்பே இருந்த மரபு மாற்றம், மற்றவையெல்லாம் செத்தொழிந்த தோட்டத்தில் ஆண்டுதோறும் பெருகியது, அவ்வளவுதான். அது பெருகிய வேகத்துக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அந்த மரபணு இசட் எனப்படும் பாலினக் குரோமோசோமில் இருப்பதை 2007-இல் கண்டறிந்தார்கள். அந்துப்பூச்சிகளில் பெண்ணுக்கு இசட் ஒன்றே ஒன்றுதான். ஆகவே எதிர்ப்பு மரபணு ஒரே ஒரு படி (பிரதி) இருந்தாலே பெண் புழு பிழைத்துக்கொள்ளும்.

அந்தச் சம்பவத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு செய்தி. சந்தையில் இருந்த மருந்துகள், பெயர் எதுவாக இருந்தாலும், 1960-களில் மெக்சிகோவில் கிடைத்த ஒரே வைரஸ் வகையிலிருந்து வந்தவை. பிற்பாடு வேறு இடங்களில் எடுத்த வகைகளைக் கொண்டு தெளித்தபோது அதே எதிர்ப்புப் புழுக்கள் செத்தன. நான் வாங்கிய பாட்டிலில் எல்.இ. அளவும் காலாவதித் தேதியும் உண்டு. வைரஸ் எந்த ஊரில், எத்தனை வகைப் புழுக்களிலிருந்து எடுத்தது என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. செத்துத் தொங்கும் புழுக்களைப் பொறுக்கி அரைத்து வடிகட்டித் தெளிக்கும் விவசாயிகள், தம்மை அறியாமலேயே பலவகை வைரஸைக் கலந்து தெளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதில் அளவும் சுத்தமும் நம் கையில் இல்லை என்பது வேறு விஷயம்.

பக்கத்துத் தோட்டத்தில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் அண்ணன், நாங்கள் தெளிப்பதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, வைரஸுன்னு சொல்றீங்க, எம்பட புழுவுக்கு ஏதும் ஆயிராதுங்களா?” என்று பதறி ஓடி வந்தார். பால் புழு நோயில் ஒரு பட்டம் முழுவதையும் இழந்தவருடைய பயம் நியாயமானதே. அந்த நோயும் ஒரு என்.பி.வி.தான், ஆனால் அது பட்டுப்புழுவுக்கு உரியது, காய்ப்புழுவின் வைரஸ் வேறு. அவரிடம் இதைச் சொல்லும்போது, வைரஸை எதிர்க்கும் பூச்சிக்கு மிகத் தெளிவான சான்று பட்டுப்புழுவிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. டென்சோ வைரஸ் என்ற வேறொரு வைரஸ் சில பட்டுப்புழு இனங்களைத் தொடுவதே இல்லை. அவற்றின் குடல் செல்லின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய ஒரு புரதத்துக்கான மரபணுவில் சுமார் 6,000 டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு விடுபட்டிருப்பதை 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வைரஸ் நுழையும் கதவே அங்கே இல்லை. ஆப்பிள் புழுவில் பெண்ணுக்கு ஒரு படியே போதும், இங்கே அது போதாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால்தான் புழு தப்பும்.

எதிர்ப்பு எப்போதும் இலவசமாகவும் கிடைப்பதில்லை. கடலைப் பருப்பிலும் மாவிலும் விழும் ஒரு அந்துப்பூச்சியை ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வைரஸோடு வளர்த்தபோது, எதிர்ப்புப் பெற்ற புழுக்கள் வளர்ந்து முடிக்கக் கூடுதல் நாள் எடுத்துக்கொண்டன. தெளிப்பை இடையில் நிறுத்தினால் அப்படிப்பட்டவை பின்தங்கிப்போக வாய்ப்பு உண்டு என்பதால், ஒரே மருந்தைப் பட்டம் முழுவதும் ஊற்றாமல், இனக்கவர்ச்சிப் பொறி, முட்டை ஒட்டுண்ணி அட்டை ஆகியவற்றோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மருந்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கழித்த ஒரு புள்ளி அந்த வரிக்கானது. கார்த்திகைப் பட்டத்துக்கும் இதையே வாங்குவதாக இருக்கிறேன். ஆனால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற வேலை ஒன்று இருப்பதால், அவர்கள் தரும் என்.பி.வி. எங்கே எடுத்த புழுவிலிருந்து வந்தது என்று அங்கே கேட்டுவிட்டு.